நான் சமைத்தால் மங்கும் விளக்குகள்

ஒரு ரீங்காரம். மூடிய டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டாற்போல.

என் மகள் வாங்கி வைத்திருக்கும் புது மைக்ரோவேவ் அடுப்பு அது. சூடாக்கும், சுடும், மேல்தோலை முறுக வைக்கும், எல்லாம் ஒரே பெட்டிக்குள். அவள் பொத்தானை அழுத்துகிறாள். கண்ணாடிக்கு உள்ளே தட்டு மெல்லச் சுழல்கிறது. நான் தட்டைப் பார்ப்பதில்லை. தலையை உயர்த்திக் கூரையில் எரியும் விளக்கைப் பார்க்கிறேன்.

மங்குகிறதா?

மங்குவதில்லை. இந்த நகரத்து வீட்டில் எதுவுமே மங்குவதில்லை. இருந்தும் கழுத்து தானாக நிமிர்கிறது, மூக்கு தானாக எதையோ தேடுகிறது. "என்னம்மா மேல பாக்குற?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். இத்தனை வருஷமாக ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் மங்கும்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவில் ஓர் ஊர். நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நகரத்தார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான புதிதில் மருமகள் மாமியாரோடு ஒரே அடுப்பில் இருப்பாள். கொஞ்ச காலம் கழித்து வேறு வைப்பார்கள். வேறு என்றால் வீட்டை விட்டு அல்ல. வாசல் ஒன்றுதான், கூரை ஒன்றுதான், சாமி ஒன்றுதான். அடுப்பு மட்டும் தனி. மகனும் மருமகளும் அன்று முதல் ஒரு புள்ளி. தங்கள் அறை, தங்கள் பாத்திரம், தங்கள் உலை. அந்த வீட்டில் அப்போது மூன்று புள்ளிகள். என் மாமியார் ஒன்று. என் கணவரின் அண்ணன் குடும்பம் ஒன்று. காலமாகிவிட்ட என் மாமனாருக்குத் தம்பி, நான் சின்ன மாமா என்று கூப்பிடுபவர், அவர் குடும்பம் ஒன்று. நாங்கள் நான்காவதாக ஆக வேண்டியிருந்தது.

ஆனால் எனக்கு இளைப்பு.

அடுப்படிகள் எல்லாம் வீட்டின் கடைசிக் கட்டான பின்பகுதியில் வரிசையாக இருந்தன. கருவேல விறகு. ஈர நாட்களில் புகை மேலே போகாது, தரையோடு தவழும், பூனை போலக் காலைச் சுற்றும். நான் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, தூணைக் கட்டிப் பிடித்தபடி மூச்சைத் தேடுவேன். நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறப்பதுபோல் சத்தம் வரும். காரைக்குடி டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இன்னொரு மழைக்காலம் இந்தப் புகையில உக்காந்தா நான் பொறுப்பில்ல" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார்.

ஆக, புகையில்லாத அடுப்பு கிடைத்தால்தான் நான் தனிப்புள்ளி. கிடைக்காவிட்டால் இரண்டே வழி: அந்தப் புகை, அல்லது யாராவது சமைத்துப் போடும் சோறு. இரண்டிலும் எனக்கு மூச்சு முட்டும்.

பினாங்கில் இருந்த என் அண்ணன் சீர்வரிசையாக ஓர் அடுப்பு தருகிறேன் என்று சொல்லி, படம் போட்ட புத்தகம் ஒன்றை அனுப்பி வைத்தான். வளவில், வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், எல்லோரும் அதைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். ஒரு படத்தில் மண்ணெண்ணெய் அடுப்பும் அதன் மேல் கவிழ்த்தும் தகரப் பெட்டியும். எனக்கு மண்ணெண்ணெய் வாசனையும் ஆகாது. அடுத்த பக்கத்தில் மின்சார அடுப்பு. பாலேட்டு நிறம். தலைமேல் உலை வைக்க ஒரு வட்டத் தட்டு, வயிற்றுக்குள் ரொட்டி சுட இடம், உள்கூரையில் வதக்கிச் சிவக்க வைக்கும் கம்பிகள். மூன்று அடுப்பின் வேலையை ஒன்று செய்யும் என்றார் என் கணவர்.

மாமியார் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல தீ எங்குட்டு இருக்கு?"

"கம்பிக்குள்ள இருக்கு ஆத்தா."

"கண்ணுக்குத் தெரியுமா? தெரியாத தீயில நான் எப்படிப் பால் பொங்க விட்டு உங்கள வேற வைக்கிறது?"

"செவசெவன்னு தெரியும்."

"அப்பச் சரி."

என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி, பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னார்: "பொட்டிக்குள்ள கொழம்ப வச்சு மூடிப்புடுவா. வாசனைகூட வெளிய வராது. ஒரு கரண்டி கேக்கலாம்னா என்ன கொழம்புன்னே தெரியாது நமக்கு."

"ஒங்களுக்கு மூடியத் திறந்து வைக்கிறேன் ஆச்சி" என்றேன்.

"வேணாந்தா. அதுல கைய விட்டா ஆளையே இழுத்துப்புடுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு மூச்சில் சிக்கி இருமலாக முடிந்தது. அந்த இருமலோடு பேச்சு முடிந்தது. மின்சார அடுப்பு என்று முடிவாயிற்று.

அது கப்பலில் வந்தது, வைக்கோலுக்குள் படுத்து. எங்கள் பங்கு அறையில் ஒரு மர மேசைமேல் வைத்தோம். அதற்குத் தனியாக ஒரு கம்பி இழுக்க வேண்டும் என்று வயர் வேலைக்காரர் சொன்னார். மெயின் இருந்தது முகப்பில். அங்கிருந்து எங்கள் அறைவரை புதுக்கம்பி வர வேண்டுமானால் சின்ன மாமா அறைச் சுவரிலும் கணவரின் அண்ணன் அறைச் சுவரிலும் ஆணி அடிக்க வேண்டும். பங்குச் சுவர். கேட்டிருந்தால் இரண்டு பேருமே சரி என்றிருப்பார்கள். அவர்கள் சரி என்பார்கள் என்று தெரிந்ததாலேயே என் கணவர் கேட்கவில்லை. மறுக்க முடியாதவர்களிடம் கேட்பது அந்த வீட்டில் மரியாதையாகாது. வளவுக்கு மேலே பரண் வழியாக ஏற்கெனவே ஒரு பழைய கம்பி ஓடியது, தேக்குப் பட்டை உறைக்குள், நான்கு புள்ளிக்கும் பொதுவாக, வெறும் விளக்குகளுக்காக. அதிலேயே இணைக்கச் சொல்லிவிட்டார்.

நல்ல நாள் பார்த்து மாமியார் அதன் மேல் வெண்கலப் பானையை வைத்தார். தட்டு சிவந்தது. பால் பொங்கியது. அந்த நேரத்தில்தான் நான் முதன்முதலாக அதைப் பார்த்தேன்: வளவில் எரிந்த விளக்கு ஒரு முறை கண்ணை மூடித் திறந்து, பிறகு முழுதாகத் திறக்காமல் அப்படியே நின்றது. மஞ்சள் போய்ச் செம்பழுப்பு. எல்லா அறைகளிலும். வீடு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டாற்போல.

பால் பொங்கிவிட்டது, குலவையிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் மூச்சுவிட்டேன். உண்மையாகவே விட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைப் புடவை கட்டியிருந்தாலும் அழுக்காகாமல் சமைக்கலாம். கத்தரிக்காயைக் கம்பிக்கடியில் வைத்தால் தோல் வெடித்துச் சுருளும். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மறந்துவிட்டுப் புத்தகம் படிக்கலாம். நெஞ்சுக்குள் அந்தப் பழைய கதவு ஓசையிடுவதை நிறுத்தியது. முகம் தெளிந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் வீடு எனக்குப் பதில் சொல்லியது. நான் இங்கே திருப்ப, அங்கே வெளிச்சம் இறங்கும். அந்த வீட்டின் உள்ளறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். வளவிலிருந்து மாமியாரின் குரல் கேட்கும், யாரிடமும் இல்லாமல், சுவரிடம் பேசுவதுபோல்: "அடுப்பப் போட்டுட்டா."

ஒவ்வொரு நாளும். காலையில் ஒருமுறை, பொழுது சாய்கையில் ஒருமுறை. "அடுப்பப் போட்டுட்டா." ஒரு குற்றச்சாட்டை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. குமிழைத் திருப்பிவிட்டு அந்தக் குரலுக்காகக் காத்திருப்பேன். அது வந்த பிறகுதான் அரிசியைக் களைவேன்.

முதலில் ஓரகத்தி கேலி பேசினார். "ஏத்தா, நீ ரசம் வச்சா எனக்கு ஊசியில நூலு நுழைய மாட்டேங்குது. ரசத்தக் கொஞ்சம் சீக்கிரம் எறக்கு." அந்த நாட்களில் அடிக்கடி பீஸ் போய்விடும். வீடு மொத்தமும் இருண்டு, யாராவது முகப்புக்குப் போய்ப் பீங்கான் கட்டையை உருவி, புதுக்கம்பி ஓர் இழை கட்டி, திரும்பச் சொருகுவார்கள். நான் அறைக்குள்ளேயே இருப்பேன். இருட்டில் என் அடுப்பு மட்டும் மெல்லக் கருஞ்சிவப்பாக அணைந்துகொண்டிருக்கும்.

பிறகு பீஸ் போவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. ஓரகத்தியும் கேலியை நிறுத்திவிட்டார். வீடு என் அடுப்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

பழகியது போலத்தான் இருந்தது. ஆனால் சில சின்னச் சின்ன விஷயங்கள். பரணுக்குக் கீழே தேக்குப் பட்டையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது, உலர்ந்து, எடையே இல்லாமல், அப்பளம் போல. ஒருநாள் செருப்பை மாட்டும்போது தடுமாறிச் சுவரில் கையை ஊன்றினேன். மெயினிலிருந்து மேலேறும் தேக்குப் பட்டை வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிற பிள்ளையின் கழுத்தைப் போல. மரம் வெயில்படாத இடத்தில் எப்படிச் சுடும்? கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கணம் தாமதித்து, "மேல ஓடு காயுதுல்ல, அந்தச் சூடா இருக்கும்" என்றார். அந்த ஒரு கணம் எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சல் ஒன்றும் இருந்தது. வீடு அமைதியான நேரங்களில், பரணிலிருந்து, தேனீக்கள் மிகத் தொலைவில் இருப்பதுபோல. பரணில் கல்யாணங்களுக்குப் போடும் பஞ்சு மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் கீழேதான் மாமியார் உட்காரும் இடம்.

கார்த்திகைத் தீபம் கழிந்து பிள்ளையார் நோன்பு வந்தது. எங்களில் வேறு எந்த நாளைவிடவும் அன்று மாலை எல்லாப் புள்ளியும் ஓரிடத்தில் கூடும். புது வேட்டியிலிருந்து உருவிய நூலிழைகளைச் சேர்த்துத் திரியாக்கி, மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த சிறு உருண்டையில் குத்தி ஏற்றுவார்கள். வீட்டுக்கு மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் அதைத் தருவார். எரியும் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பயப்படுவார்கள். எங்களுக்குப் பயமில்லை. வாயை மூடினால் தீ அணைந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் என் பங்குக்குக் கவுனி அரிசி வைத்திருந்தேன். கறுப்பு அரிசி, லேசில் வேகாது. மதியத்திலிருந்து மேல்தட்டில் அது கொதித்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் கிழங்கும் வைத்திருந்தேன். நேரமாகிறதே என்று உள்கூரைக் கம்பிகளையும் போட்டுவிட்டேன். மூன்றையும் ஒன்றாக நான் அதுவரை போட்டதேயில்லை. விளக்கு தணல் போலானது. "அடுப்பப் போட்டுட்டா" என்றது குரல்.

வளவில் பிள்ளையாருக்கு முன்னே ஆவாரம்பூவும் பொரியும். சின்ன மாமா இழைகளை ஏற்றினார். நெய் கருகும் வாசனை, நூல் கருகும் வாசனை. மங்கிய விளக்குக்கு அடியில் அந்தச் சுடர்கள் மிக அழகாக இருந்தன. அப்படி நினைத்தது நினைவிருக்கிறது. மாமியார் வாங்கிக்கொண்டார். கணவரின் அண்ணன் வாங்கிக்கொண்டார். எரிகிற வாசனை கனத்தது. எல்லோரும் அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நின்றோம், நோன்பு வாசனை என்று. வருஷத்தில் ஒரு மாலை மட்டும் அந்த வீட்டில் எரியும் வாசனைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த மாலை.

ஓரகத்தி கையில் இழையை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார்.

"இதுல நெய் இல்லையே" என்றார்.

"என்னத்தா சொல்லுற?" என்றார் சின்ன மாமா. "நெய்யிலதான முக்கிருக்கேன்."

"இழையச் சொல்லல மாமா. வாசனையச் சொல்லுறேன். இது நெய் வாசனை இல்ல."

அப்போது மாமியாரின் தோளில் கறுப்பாக ஏதோ விழுந்தது. துடைத்தார். நீளமாகக் கோடு இழுத்தது. மேலே பார்த்தோம். தேக்குப் பட்டையின் இடுக்கில் ஒரு சிவப்பு வரி, எழுதுகோலால் கோடு போட்டாற்போல, நகர்ந்துகொண்டிருந்தது. பரணின் பலகைகளுக்கு நடுவிலிருந்து புகை இறங்கியது. விறகுப் புகையல்ல. பஞ்சுப் புகை, ரப்பர்ப் புகை. தரையோடு தவழும் புகை.

என் கணவர் முகப்புக்கு ஓடினார். மெயினை இறக்கினார். வீடு இருண்டது. தாம்பாளத்தில் ஏற்றி வைத்த இழைகள் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில்தான் அண்ணன் ஏணியைச் சாத்தி ஏறினார், மெத்தைகளை இழுத்து முற்றத்தில் எறிந்தார், கிணற்று நீர் கைமாறிக் கைமாறி வந்தது. எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. நான் தூணைக் கட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் அந்தக் கதவு திறந்துவிட்டது. எந்தப் புகைக்குத் தப்பி அந்தப் பெட்டியை வாங்கினேனோ, அந்தப் புகை என் அடுப்பிலிருந்தே சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பிடித்திருந்தது. ஓரகத்தி என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "விடு, மூச்ச விடு. உள்ள வச்சுக்காத, விடு."

வீடு பிழைத்தது. ஓர் உத்தரம் மட்டும் கரிந்தது.

எல்லாம் அடங்கியபின் என் கணவர் பீங்கான் கட்டையை உருவிக் கொண்டுவந்து, எரிந்துகொண்டிருந்த கடைசி இழையின் அருகே பிடித்தார். ஓர் இழைக் கம்பி இருக்க வேண்டிய இடம். அங்கே கம்பிகள் முறுக்கி முறுக்கிக் கயிறு போலத் திரண்டிருந்தன. இழை அறுந்து நம்மைக் காக்க வேண்டும். அந்தக் கயிறு அறுந்தே போகாது. அதனால் பரணில் இருந்த கம்பி எரிந்தது.

பிறகு சின்ன மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் ஒன்னுதான் சேத்தேன். பிள்ள மூச்சுக்குத் தவிச்சு இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு. உன் அடுப்பால பீஸ் போகுதுன்னு எந்த வாயால சொல்லுறது? பேசாம ஒரு இழை கூட வச்சுக் கட்டிட்டேன்."

"நானும் கட்டினேன் சித்தப்பா" என்றார் அண்ணன். "நீங்க கட்டுனது எனக்குத் தெரியாது. இவ கேலி பேசிக்கிட்டே இருந்தா. பீஸ் போகலேன்னா பேச்சும் நின்னுடும்னு பாத்தேன்."

மாமியார் கரி படிந்த தோளோடு நின்றிருந்தார். "நான் கணக்குப்பிள்ளையக் கூப்பிட்டு ஒன்னு போடச் சொன்னேன்" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத் தாமதத்தின் பொருள் அப்போது எனக்குப் புரிந்தது.

என்னை நோகடிக்கக் கூடாது என்று நான்கு புள்ளியும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கோர் இழை. யாராவது ஒருவர் வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தால் அந்தக் கம்பி சுட்டிருக்காது. எங்கள் வீட்டில் சண்டை போட மாட்டார்கள். இன்றுவரை, யாராவது என்னிடம் மிகவும் பதமாக நடந்துகொண்டால், என் உள்ளங்கை சுவரைத் தேடுகிறது, சூடாக இருக்கிறதா என்று.

அடுத்து என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தனிக்கம்பி இழுத்தாலும் அந்த அடுப்பை அந்தக் கூரைக்குக் கீழே இனி ஏற்ற யாருக்கும் துணிவில்லை. ஓரகத்தி சொன்னார்: "ரெண்டு புள்ளிக்கும் நானே ஒலை வைக்கிறேன். இவ உள்ள உக்காரட்டும்." மனதாரச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்தது, மூச்சு இறுகியது.

மாமியார்தான் முடித்து வைத்தார். "பால் பொங்க விட்டு வேற வச்ச அடுப்பு. அத அணைச்சுப் புள்ளியச் சேக்க எனக்கு மனசில்ல. அது எங்குட்டு எரியுமோ அங்குட்டு இவுக போகட்டும்."

"கூரைய விட்டா ஆத்தா?" என்றார் என் கணவர்.

"கூரையவிட மூச்சு பெரிசுப்பா."

என் கணவர் சிவகங்கைக் கல்லூரியில் வேலை பார்த்தார், கல்லல் ரயிலில் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். அங்கேயே புதிதாகக் கட்டிய ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். கனமான புதுக்கம்பி ஓடிய வீடு. நோன்புக்குப் பிறகு கிளம்பும் நாள்வரை யாரோ ஒருவர் சமைத்துப் போட்டார்கள். பரணில் எரிந்துபோன விளக்குக் கம்பியை மட்டும் மாற்றினார்கள்; அந்த நாட்களில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அந்த வெளிச்சத்தில் கரிந்த உத்தரம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. சாப்பிடும்போது எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்துகொள்வார்கள்.

கிளம்பிய அன்று காலை, வாசலில் வாடகைப் பிளசர் கார் வந்து நின்றது. அடுப்பை ஜமுக்காளத்தில் சுற்றிப் பின்சீட்டில் ஏற்றினார்கள், எனக்கு அருகில், உடம்பு சரியில்லாத ஒருவரை உட்கார வைப்பதுபோல். சின்ன மாமா திருநீறு பூசினார். ஓரகத்தி ஒரு தூக்கில் குழம்பு கொடுத்து, "மூடியத் திறந்து பாத்துக்க, என்ன கொழம்புன்னு" என்றார். சிரிக்கப் பார்த்தோம்.

மாமியார் கடைசியாக வந்தார். காரின் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் திறந்திருந்த வாசல் வழியாக, கட்டுகளைத் தாண்டி, வளவு விளக்கு பகலிலும் எரிவது தெரிந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"போயிட்டு வாரேன் அயித்தை" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். கையைச் சன்னலிலிருந்து எடுக்கவில்லை.

"அங்குட்டு நீ அடுப்பப் போட்டா இங்குட்டு விளக்கு மங்காது. நீ ஒலை வச்சியா, மூச்சோட இருக்கியான்னு இனிமே நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?"